சித்திக்கு, அம்மாட பேரோட நான் ஏன் ஓடினன் எண்டு

அன்புள்ள சித்திக்கு,

நாங்க இஞ்ச எல்லாரும் சுகம். சித்தப்பாட கால் வீக்கம் வத்திட்டா, அங்க மழை தொடங்கிட்டா? போன கிழமை நீங்க போன்ல ஏசின ஏச்சுக்கு நான் ஒண்டும் பேசாம வச்சிட்டன், கோவத்தில இல்ல சித்தி, நான் அந்தக் கதைய எடுத்தா நீங்க உடன மாடு கண்டு போட்ட கதைக்குப் போயிருவீங்க, அது எனக்குத் தெரியும். அதனாலதான் ஆறுதலா இருந்து டைப் பண்ணி அனுப்புறன். தங்கச்சிட்டச் சொல்லி பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லுங்க, கண்ணாடியப் போட்டுட்டு நீங்களே வாசிங்க. முழுக்க வாசிச்சிட்டு மறுகா ஏசுங்க.

அந்த டீசேட் படத்த பேஸ்புக்ல போட்டது நானில்ல, என்னோட வேலை செய்ற பிள்ளை. அவ போடாட்டி நானே போட்டிருப்பன், அதையும் சொல்லிர்றன். "செத்த மனிசிட பேர முதுகுல எழுதிட்டு ரோட்டு ரோட்டா ஓடுறியே, அதும் அந்த வருத்தத்துக்கு, ஊர் என்ன சொல்லும்" எண்டு கேட்டீங்க. ஊர் என்ன சொல்லும் எண்டு பார்த்துப் பார்த்துத்தானே சித்தி அம்மா போனா.

இந்த ஓட்டம் என்னெண்டு முதல்ல சொல்றன். ஒவ்வொரு வருசமும் ஒக்டோபர் முதல் ஞாயிறு கனடா முழுக்க நடக்கும், ரன் ஃபோர் த கியூர் எண்டு பேர், 1992ல ரொறன்ரோவில தொடங்கினது, இப்ப கனடியன் கேன்சர் சொசைட்டி நடத்துது. மார்புப் புத்துநோய்க்கு மட்டும். 5 கிலோமீட்டர் ஓடலாம், ஏலாதவங்க 1 கிலோமீட்டர், நடந்தும் போகலாம், பிள்ளைய வண்டில்ல வச்சுத் தள்ளிட்டும் போகலாம். ஆரு முந்தி ஆரு பிந்தி எண்டு ஒருத்தரும் பார்க்கல்ல. ஓடுறவங்க தெரிஞ்ச ஆக்களிட்டக் கேட்டு காசு சேர்த்துக் குடுக்கிற, அது ஆராய்ச்சிக்கும் வருத்தக்காரருக்கு உதவி செய்யவும் போகுது. 5 கிலோமீட்டர் எண்டா கல்லடிப் பாலத்திலருந்து காத்தான்குடிக்குப் போற அளவு வரும். நீங்க சிரிப்பீங்க, நான் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கே வயித்துக்குத்து எண்டு சொல்லி மரத்துக்குக் கீழ இருந்த ஆள். பழகிறதுக்கு பின்னேரத்தில பார்க்குக்குப் போனா, எங்கட பில்டிங்ல இருக்கிற யாழ்ப்பாணத்து ஐயா ஒருத்தர் "என்ன பிள்ளை, நாய் கலைக்குதோ" எண்டு கேட்பார். கேட்கட்டும். அவரிட்டயும் இருபது டொலர் வாங்கிட்டன்.

எனக்கு இதில சேர்ற யோசினையே இருக்கல்ல. நான் வேலை செய்ற நேர்சிங் ஹோம்ல பிலிப்பீன்ஸ் பொம்புளை ஒருத்தி, என்ட வயசுதான், நல்ல பகிடிக்காரி. ஒரு நாள் எல்லாரும் இருந்து சாப்பிடக்க சொல்றா, எனக்கு இடப்பக்கம் கேன்சராம், அடுத்த மாசம் எடுக்கப் போறாங்களாம், ஆரு என்ட டியூட்டியப் பார்ப்பீங்க எண்டு. சோத்துக் கரண்டி கையில இருக்கு சித்தி, ஆம்புளையளும் இருக்காங்க, அவ அப்பிடியே சொல்றா. எனக்குச் சாப்பாடு இறங்கல்ல. மத்தவங்க கட்டிப் பிடிச்சாங்க, கேள்வி கேட்டாங்க, பொறகு லிஸ்ட் போட்டு முறை வச்சு அவட வீட்டுக்குச் சாப்பாடு கொண்டு போனாங்க. நானும் பருப்பும் கத்தரிக்காக் குழம்பும் கொண்டு போனன். அவ ஒப்பரேசன் முடிஞ்சு, கீமோ முடிஞ்சு, மொட்டைத் தலையில தொப்பியோட வேலைக்கு வந்தா. அவவுக்காகத்தான் எங்கட வேலையிடத்தில ஒரு டீம் போட்டாங்க, அதில என்ட பேரையும் எழுதிட்டாங்க. ஆருக்காக ஓடுறீங்க எண்டு டீசேட்டுக்குப் பின்னுக்கு எழுதச் சொல்லி மார்க்கர் பேனை தந்தாங்க. எல்லாரும் அவட பேர எழுதினாங்க. நானும் எழுதினன். எழுதிட்டுப் பார்த்தா கீழ நிறைய இடம் இருந்திச்சு.

அம்மாட கதைய நான் உங்களுக்குச் சொல்லத் தேவல்ல, நீங்கதான் கூட இருந்த. ஆனா எனக்கு என்ன தெரியும் எண்டு உங்களுக்குத் தெரியாது, அதச் சொல்றன். 2007 மார்ச்ல சண்டையில படுவான்கரைச் சனமெல்லாம் எழும்பி வாவிக்கு இஞ்சால வரக்க அம்மாவுக்கு ஏற்கனவே அந்தக் கட்டி இருந்திருக்கு. சாமானத் தூக்கிட்டு, ஆட்டையும் விட்டுட்டு, பிள்ளைகளையும் கூட்டிட்டு மண்முனையில வாவியக் கடக்கிற மிதவைப் பாதையால வந்த சனத்தோட சனமா வந்த மனிசி, முகாம்ல ஒரு தறப்பாளுக்குக் கீழ பத்துக் குடும்பத்தோட இருந்த மனிசி, எங்க போய் ஆருக்குக் காட்டுற? நோகல்ல எண்டபடியா விட்டுட்டா. நோகாட்டியும் கட்டியக் கவனிக்கோணும் எண்டு அவவுக்கு ஒருத்தரும் சொல்லல்ல, எங்களுக்கும் சொல்லல்ல. பால் கட்டி எண்டாங்க, சூடு எண்டாங்க, பரிசாரியார் பத்துப் போட்டார், ஆரோ தண்ணி ஓதிக் குடுத்தாங்க. அம்மன் குளுத்திக்கு நேர்த்தியும் வச்சா. நேர்த்தி வச்சதில எனக்குக் கோவமில்ல, அம்மனுக்குச் சொல்ல முடிஞ்சது கூடப்பிறந்த உங்களுக்குச் சொல்ல முடியல்லயே எண்டதுதான். சட்டை ஈரமா இருந்து நீங்க கண்டுபிடிக்கக்க முழுசா ஒரு வருசம் போயிட்டு.

மறுகா நீங்கதான் கூட்டிட்டுப் போனீங்க, கொழும்புக்குப் பக்கத்தில மஹரகம கேன்சர் ஆஸ்பத்திரிக்கு. சிங்களம் ஒரு சொல்லுத் தெரியாம, ராவு பஸ்ல, செக்பொயின்ட் செக்பொயின்டா இறங்கி ஏறி. அங்க வாடகை அறையில வேற வேற ஊர் ஆக்களோட ஒரு அடுப்பில சமைச்சு, ஒரு சிங்கள அம்மா உங்களுக்கு வார்ட்டுக்குப் போற வழி காட்டி விட்டாவாம், ஒரு சதம் வாங்காம எல்லா மருந்தும் குடுத்தாங்களாம். இதெல்லாம் அம்மா செத்து கனகாலத்துக்குப் பொறகு தங்கச்சி சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்குப் போன்ல "அம்மாவுக்குக் காய்ச்சல், அசதி" எண்டுதான் சொன்னீங்க. நான் அப்ப இஞ்ச வந்த புதுசு, வயித்தில மகன், பயப்படுவன் எண்டு மறைச்சிருக்கீங்க. அது எனக்கு விளங்குது. இருந்தாலும் அந்தக் காலத்தில அம்மா போன்ல கடைசியாக் கதைச்சது எல்லாம் "தயிர் சாப்பிட ஆசையா இருக்கா மனே" எண்டதுதான், நான் இஞ்சத்தத் தயிர் புளிக்குது எண்டு சொல்லிச் சிரிச்சிட்டு வச்சன்.

சரி, இப்ப விசயத்துக்கு வாறன். இந்த ஓட்டத்துக்குப் பேர் குடுத்த பொறகுதான் நானும் மெமோகிராம் எடுக்கப் போனன். இஞ்ச ஒன்ராறியோவில 50 வயசிலருந்து 74 வரைக்கும் வழக்கமா ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா எடுக்கிற. 2024 ஒக்டோபர்லருந்து 40 வயசு வந்தவங்களும் டொக்டர்ர கடிதம் இல்லாம தாங்களாப் போய் எடுக்கலாம், காசில்ல. மார்பக் கண்ணாடித் தட்டு மாதிரி ரெண்டுக்கு நடுவுல வச்சு இறுக்கி எக்ஸ்ரே எடுக்கிற, ஒள்ளுப்பம் நோகும், ஆனா மூச்சுப் பிடிச்சு விடுறதுக்குள்ள முடிஞ்சிரும், பொம்புளைதான் எடுக்கிறவ. எனக்கு ஒண்டுமில்ல, நல்ல ரிப்போட் வந்திட்டு, பயப்பட வேணாம்.

ஆனா அங்க ஒரு போம் தந்தாங்க சித்தி. அம்மாவுக்கு இருந்ததா, ஓம் எண்டு போட்டன். எத்தினை வயசில கண்டுபிடிச்ச? ஒரு பக்கமா, ரெண்டு பக்கமுமா? அம்மாட சகோதரங்களுக்கு, அம்மாட அம்மாவுக்கு இருந்ததா? குடும்பத்தில ஆருக்கும் சூலகத்தில கேன்சர் வந்ததா? நான் பேனையப் பிடிச்சிட்டு இருக்கிறன், ஒண்டுக்கும் மறுமொழி இல்ல. அம்மாட சரியான வயசே எனக்குத் தெரியாது, அடையாள அட்டையில இருக்கிறது பள்ளிக்கூடத்துக்காகக் கூட்டிப் போட்டது எண்டு நீங்கதான் சொல்லியிருக்கீங்க. உங்கட அம்மா, பெத்தா, "வயித்தில கட்டி வந்து" போனவ எண்டு சொல்லுவீங்களே, அது என்ன கட்டி?

இதெல்லாம் சும்மா விடுப்புக்குக் கேட்கல்ல. டொக்டர் எனக்கு விளங்கப்படுத்தினா. மார்புப் புத்துநோய் வாற ஆக்கள்ல பெரும்பாலான ஆக்களுக்குக் குடும்பத்தில முந்தி ஒருத்தருக்கும் இருந்திருக்காது. நூத்துக்கு அஞ்சு பத்துப் பேருக்குத்தான் பரம்பரையா வாற. ஆனா அம்மாவுக்கோ கூடப்பிறந்தவங்களுக்கோ இருந்தா வாற வாய்ப்பு மத்தவங்களவிட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, அதும் இளவயசில வந்திருந்தா, சூலகத்திலயும் ஆருக்கும் வந்திருந்தா, ரத்தத்தில பரம்பரை டெஸ்ட் செய்து பார்க்கிற. அதில பரம்பரைக் குறை இருக்கு எண்டு தெரிஞ்சா இஞ்ச 30 வயசிலருந்தே வருசா வருசம் மெமோகிராமும் எம்.ஆர்.ஐ.யும் எடுப்பாங்க. அப்ப பாருங்க, நீங்க மறைச்சு வச்சிருக்கிறது அம்மாட மானத்த இல்ல, என்னையும் தங்கச்சியையும் பார்க்கிற டொக்டருக்கு வேண்டிய விவரத்த. உங்களையும் சேர்த்துத்தான் சொல்றன், நீங்க அம்மாட கூடப்பிறந்த தங்கச்சி.

இன்னொண்டு. அம்மா கடைசிக் காலத்தில ஒரு நாளைக்கு ஒண்டு எண்டு சின்ன வெள்ளைக் குளிசை ஒண்டு போட்டவ எண்டு தங்கச்சி சொல்றா. அது டெமொக்சிபன் எண்ட மார்புப் புத்துநோய் மருந்தா எண்டு பார்க்கோணும். அதெண்டா அம்மாட கட்டி ஹோமோனால வளர்ற வகையா இருந்திருக்கும், எல்லா மார்புப் புத்துநோயும் ஒரே சாதியில்ல, வகையப் பொறுத்துத்தான் மருந்து. அந்த டெமொக்சிபனும் எங்கயோ ஆக்கள் வருசக் கணக்கா ஆராய்ச்சி செய்து வந்ததுதான், அம்மா போட்டது அதெண்டா, அதையும் காசில்லாமத்தான் மஹரகமவில வாங்கிப் போட்டிருக்கா. "நீ ஓடினா வருத்தம் மாறுமா" எண்டு கேட்டீங்களே, அதுக்கு என்ட மறுமொழி இவ்வளவும்தான். நான் சேர்த்த காசு கொஞ்சம்தான்.

ஓட்டத்தண்டு நல்ல குளிர், பல்லு அடிச்சிச்சு. உடுப்பெல்லாம் ரோஸ், ஆம்புளையள் ரோஸ் பாவாடை போட்டுட்டு வந்து நிக்கிறாங்க, என்ட வீட்டுக்காரர் வரமாட்டன் எண்டவர், வந்து கடைசியில ரோஸ் தொப்பி போட்டுட்டு படம் எடுத்துட்டுத் திரிஞ்சார். வருத்தம் வந்து மாறின பொம்புளைகள் எத்தினை பேர், அம்மாட வயசு ஆக்கள், உங்கட வயசு ஆக்கள், சிரிச்சிட்டு நடந்து போறாங்க. எனக்கு அதுதான் தாங்க ஏலாமப் போச்சு, கவலையில இல்ல, பொறாமையில. பாதி ஓடினன், பாதி நடந்தன். பின்னுக்கு வந்த வெள்ளைக்கார அம்மா ஒருத்தி முதுகுல இருக்கிற தமிழ் எழுத்தக் காட்டி இது ஆரு எண்டு கேட்டா. அம்மா எண்டன், படுவான்கரையில வெள்ளாமை செய்த மனிசி எண்டன், அவ என்னோட நடந்து முழுக்கக் கேட்டா. செத்த பொறகு அம்மாவப் பத்தி நான் ஒராளோட அவ்வளவு நேரம் கதைச்சதே அண்டைக்குத்தான்.

இப்ப நீங்க செய்ய வேண்டியது. உங்கட அலுமாரியில சீலைகளுக்கு அடியில மஹரகம கிளினிக் கொப்பியும் ரிப்போட்டுகளும் ஒரு சிலிசிலி பேக்ல இருக்காம், எரிக்கல்லயாம், தங்கச்சி சொல்லிட்டா, அவவ ஏசாதீங்க. அத எடுத்து ஒவ்வொரு பக்கமாப் படம் பிடிச்சு அனுப்புங்க. தங்கச்சிக்கு 35 ஆயிட்டு, எம்.ஓ.எச். ஒபீசில, சுகாதார வைத்திய அதிகாரிட கந்தோர்ல, பொம்புளைகளுக்கு நடக்கிற சுவனாரி கிளினிக்குக்கு அவவும் போகோணும், நீங்களும் போகோணும். மார்பையும் பார்த்து, கர்ப்பப்பைக் கழுத்துக்கு டெஸ்ட்டும் செய்வாங்க, காசில்ல, மிட்வைஃப் மிஸ்ஸிட்டக் கேட்டா நாள் சொல்லுவா. அம்மாவுக்கு இருந்தது எண்டு அங்க மறைக்காமச் சொல்லுங்க. இப்ப மட்டக்களப்பு பெரியாஸ்பத்திரியிலயே கேன்சர் பிரிவு இருக்கு, எல்லாத்துக்கும் ராவு பஸ் ஏறுற காலமில்ல.

சித்தப்பாட மருந்துக்கும், ஓட்டோவுக்கும் சேர்த்துக் கொஞ்சம் காசு போட்டிருக்கன், கோயிலுக்குக் குடுத்திராதீங்க. ரிப்போட்டப் படம் எடுக்கத் தங்கச்சி வேலையால வரட்டும் எண்டு பார்த்திட்டு இருக்க வேணாம், பக்கத்து வீட்டுப் பொடியனக் கூப்பிடுங்க, அவன் வாசிச்சாலும் பரவாயில்ல.

இப்படிக்கு,
உங்கட மூத்த மகள்