பீர்ல போதை ஹாப்ஸ்ல இருந்து வரல

ஆசிரியர் அண்ணாச்சிக்கு வணக்கம். ஞாயித்துக்கிழமை பேப்பர்ல ஹாப்ஸ்ங்க கொடியோட பூ தான் பீருக்கு போதை குடுக்குன்னு போட்டுருந்தீக, அது தப்பு. மால்ட்டுல, அதாவது மொளைக்க வச்சு காயவச்ச பார்லில, உள்ள சர்க்கரைய ஈஸ்ட் புளிக்க வைக்கதுலதான் போதை வருது, ஹாப்ஸ் குடுக்கது கசப்பும் வாசனையும், அதோட பாக்டீரியா அண்டாம பாத்துக்கிடும், நம்ம பதநீ கலயத்துல சுண்ணாம்பு தடவுதோம்லா கிட்டத்தட்ட அந்த மாதிரி, ஆனா சுண்ணாம்பு புளிக்கவே விடாது, ஹாப்ஸ் ஈஸ்ட்ட விட்டுரும்.

ஹாப்ஸ்ல கேஸ்கேட்னு ஒரு ரகம் இருக்கு, அமெரிக்காவுல ஓரிகன்ல உருவாக்கி 1972ல வெளிவிட்டது, இங்கிலாந்து ஃபக்கிள் ரகத்தோட வழில வந்தது. பெண்கொடில காய்க்க பூவ பிச்சுப் பாத்தா இதழ் அடில மஞ்சப்பொடி பிசுபிசுன்னு ஒட்டும், கசப்பும் வாசனையும் அதுலதான் இருக்கு. மால்ட் தண்ணி கொதிக்க ஆரம்பத்துலயே ஹாப்ஸ போட்டு ஒரு மணி நேரம் விட்டா கசப்பு நல்லா எறங்கும் ஆனா வாசனை ஆவியோட போயிரும், எறக்கப்போற நேரத்துல போட்டா பம்ப்ளிமாஸ் வாசனை ஆளத் தூக்கும்.

தென்காசி பக்கம் இத வளக்கலாமான்னும் எழுதிருந்தீக. கோடைல நீளமான பகலும் பனிக்காலத்துல நல்ல குளிரும் கேக்க கொடி அது, இமாச்சல்ல லாஹௌல்ல வளருது, இங்க சாரல நம்பி எறங்குனா துட்டுதான் போவும். அடுத்த வாரம் திருத்தம் போட்டுருங்க.

- ஒரு வாசகர், பாளையங்கோட்டை