ஈரலில் இருந்து வரும் சீனி

சுங்கை சிப்புட்

அன்புள்ள மாரிமுத்து,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. இங்கே எல்லோரும் சுகம். நம் லயம் இருந்த இடத்திலும் செம்பனை வைத்துவிட்டார்கள். கோயில் மட்டும் அப்படியே இருக்கிறது.

ராத்திரி ஒன்றும் சாப்பிடாமல் படுத்தும் விடிகாலையில் சீனி ஏறி நிற்கிறது, வீட்டில் ஒருவரும் நம்பவில்லை என்று எழுதியிருந்தாய். நான் நம்புகிறேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராக இருந்தபோது, திருட்டுத்தனமாகத் தின்றாய் என்று வீட்டார் திட்டிய இனிப்புநீர்க்காரர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தச் சீனி உன் ஈரலில் இருந்தே வருகிறது.

ஈரல் சீனி உண்டாக்கும் என்று காட்டியவர் கிளாட் பெர்னார்ட். 1813-இல் பிரான்சில் திராட்சைத் தோட்டத்தை நம்பிப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவர். மருந்துக்கடையில் வேலை பார்த்தார். நாடகம் எழுதும் ஆசையில் பாரிஸ் போனவரை ஒரு விமர்சகர் மருத்துவத்துக்குத் திருப்பிவிட்டார். நல்ல வேளை!

செடிகொடிதான் சீனி உண்டாக்கும், பிராணிகள் அதைத் தின்று கரைக்கும் என்றே அன்று நம்பினார்கள். 1848-இல் இவர், இறைச்சி மட்டுமே தின்ற நாயின் ஈரலில் இருந்து வெளிவரும் ரத்தத்தில் சீனியைக் கண்டார். அப்புறம் 1855-இல் செய்ததுதான் அபாரம். ஈரலைத் தனியே எடுத்து, ரத்தக் குழாய் வழியே தண்ணீர் பாய்ச்சி, சீனி துளியும் இல்லாமல் கழுவி வைத்தார். மறுநாள் பார்த்தால் அதே ஈரலில் மறுபடியும் சீனி! உள்ளே ஏதோ சேமிப்பு இருக்கிறது என்று விடாமல் தேடி, 1857-இல் கிளைகோஜனை, அதாவது ஈரல் சீனியைச் சேமித்து வைக்கும் மாவு போன்ற பொருளை, பிரித்தெடுத்தார்.

உயிருள்ள பிராணிகளை அறுத்ததை அவர் மனைவியும் மகள்களும் பொறுக்கவில்லை, குடும்பம் பிரிந்தது. அவர்கள் பக்கமும் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. பாரிஸில் பெரிய பேராசிரியரான பிறகும் திராட்சை அறுவடைக்குச் சொந்த கிராமத்துக்கு வந்துவிடுவாராம். அதனாலேயே எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. 1878-இல் இறந்தபோது பிரான்ஸ் அரசு மரியாதையோடு அடக்கம் செய்தது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். விடியுமுன் சுரக்கும் ஹார்மோன்கள் ஈரலைச் சீனி விடச் சொல்கின்றன. அதை இன்சுலின் அடக்கி வைக்கும். உனக்கு அந்தக் கடிவாளம் தளர்ந்திருக்கிறது. நீ போடும் மெட்ஃபார்மின் முக்கியமாக ஈரல் விடும் சீனியைத்தான் குறைக்கிறது. ராத்திரி சாப்பிடவில்லையே என்று மாத்திரையை நீயாக விட்டுவிடாதே. காலைக் கணக்கை ஒரு வாரம் தாளில் குறித்துக் கிளினிக்கில் காட்டு, டாக்டர் சொல்வதைக் கேள்.

பேத்தி கல்யாணத்துக்கு நாங்கள் இருவரும் முதல் நாளே வந்துவிடுவோம். பந்தல் வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் சொல், தம்பி மகனை அனுப்புகிறேன்.

அன்புடன்,
சுப்பையா