பெரிய கிளி வாங்கும் முன் வீட்டார் கூடிப் பேச வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தமிழக, கேரள எல்லையில் உள்ள கோபாலபுரம் சோதனைச் சாவடிக்கு இப்புறமும் அப்புறமும், பொள்ளாச்சி முதல் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வரையுள்ள எங்கள் ஊர்களில், மக்காவ், ஆப்பிரிக்கன் கிரே, காக்கட்டூ முதலிய வெளிநாட்டுப் பெரிய கிளிகளை வாங்கி வளர்ப்போர் அதிகரித்து வருகின்றனர். நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் அடைப்பது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதால், கிளி மீது பிரியம் உள்ளவர்கள் இவற்றை நாடுகிறார்கள். அந்தப் பிரியத்தை நான் குறை கூறவில்லை. எனக்கும் அது உண்டு. ஆனால் வாங்கும் நாளில் விலையும் நிறமும் பேச்சுத் திறமையும் மட்டுமே பேசப்படுகின்றன. அந்தக் கிளியோடு பகலில் யார் இருப்பார்கள், நமக்குப் பின் அதை யார் ஏற்பார்கள் என்பது பேசப்படுவதே இல்லை.

நீல மஞ்சள் மக்காவ் நல்ல பராமரிப்பில் 50 ஆண்டுகளும் அதற்கு மேலும் வாழக்கூடியது. ஆப்பிரிக்கன் கிரேயும் 40, 50 ஆண்டுகள் வாழும். பணி ஓய்வு பெற்ற கையோடு, பேச்சுத் துணைக்கு ஆகட்டும் என்று அறுபது வயதில் குஞ்சு வாங்குபவர், அது தன் நடு வயதை எட்டும்போது எண்பதைத் தாண்டியிருப்பார். பிள்ளைகளோ பெங்களூரிலும் வளைகுடாவிலும் இருப்பார்கள். நிலமும் நகையும் யாருக்கு என்று எழுதி வைக்கிற நாம், கிளியைப் பற்றி மகனிடமோ மருமகளிடமோ ஒரு வார்த்தை கேட்டு வைப்பதில்லை. கேட்டு, அவர்கள் மனமார ஒப்புக்கொண்ட பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கிளி கூட்டமாக வாழும் பறவை. ஐரீன் பெப்பர்பெர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1977இல் ஒரு கடையில் வாங்கிப் பழக்கிய அலெக்ஸ் என்ற ஆப்பிரிக்கன் கிரே, 2007இல் இறக்கும் முன் நூற்றுக்கும் மேற்பட்ட சொற்களைக் கற்று, காட்டும் பொருளின் நிறம், வடிவம், எண்ணிக்கை ஆகியவற்றைக் கேட்டால் சொல்லும் அளவுக்குத் தேறியிருந்தது. விற்பவர்கள் இத்தகைய செய்திகளைச் சொல்லித்தான் ஆசை காட்டுகிறார்கள். அலெக்ஸைச் சுற்றி நாள்தோறும் ஆட்கள் இருந்து பேசிப் பழக்கினார்கள் என்பதை மட்டும் சொல்வதில்லை. அவ்வளவு அறிவுள்ள உயிரை, கணவனும் மனைவியும் வேலைக்குப் போய்விட்ட பூட்டிய வீட்டில் காலை முதல் இருட்டும் வரை தனியே விட்டால், அந்த அறிவே அதற்குத் துன்பமாகிவிடுகிறது.

வேலந்தாவளத்தில் என் அண்ணன் வீட்டில் ஓர் ஆப்பிரிக்கன் கிரே இருக்கிறது. அதனோடு விளையாடிப் பழகிய அண்ணன் மகள் கல்லூரி விடுதிக்குச் சென்ற சில மாதங்களில், அது தன் மார்பு இறகுகளைத் தானே பிடுங்கத் தொடங்கியது. இன்று அதன் நெஞ்சும் தொடையும் உரித்த கோழி போல் வெறுந்தோலாக இருக்கின்றன. அலகு எட்டாத தலையில் மட்டும் இறகு முழுமையாக நிற்கிறது. மாலையில் பஸ் வரும் நேரமானால், அந்தப் பெண் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே "அம்மா, பசிக்குது" என்று கூப்பிடும் அதே குரலில் கூப்பிடுகிறது. இறகு பிடுங்குவதற்கு உணவுக் குறை, ஒட்டுண்ணி, தொற்று எனப் பல காரணங்கள் இருக்கலாம் என்பதால், மருத்துவர் பரிசோதனைகள் செய்து நோய் இல்லை என்று தெரிந்துகொண்ட பிறகே தனிமைதான் காரணம் என்றார். பிடுங்கிப் பிடுங்கி இறகின் வேர் சிதைந்துவிட்டால், அந்த இடத்தில் மீண்டும் முளைக்காமலே போகலாம் என்றும் சொன்னார். இப்போது அண்ணன் தென்னம்பாளை, ஓலைக்கீற்று, கொய்யாக் கிளை ஆகியவற்றைக் கட்டித் தொங்கவிட்டு, தீனியை அவற்றுள் ஒளித்து வைக்கிறார். தேடித் தின்னும் வேலை கிடைத்த பின் பிடுங்குவது சற்றுக் குறைந்திருக்கிறது. தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இதில் செலவே இல்லை. மருந்து அடித்த மரத்திலிருந்து எடுக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அடுத்து, பார்க்கும்போதெல்லாம் என்னை வருத்தும் ஒரு வழக்கத்தைக் குறிப்பிட வேண்டும். வாங்குபவரே ஊட்டினால்தான் கிளி ஒட்டும் என்று சொல்லி, இறகு முளைக்காத குஞ்சையும் ஒரு சிரிஞ்சையும் தீனி மாவு டப்பாவையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அவர்கள் சொல்லும் காரணம் உண்மையல்ல. மனிதரோடு நன்கு பழக்கப்பட்டு, தானாகத் தின்னக் கற்ற கிளியும் புதிய வீட்டாரிடம் அன்பாக ஒட்டிக்கொள்ளும். மக்காவ் குஞ்சு தானாகத் தின்னப் பழக மூன்று நான்கு மாதங்களுக்கு மேல் ஆகும். அந்த உழைப்பு விற்பவருக்கு மிச்சமாகிறது, அவ்வளவே. ஊட்டும் கரைசல் ஏறக்குறைய 40 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்க வேண்டும். சூடு சற்றுக் கூடினால் குஞ்சின் தீனிப்பை உள்ளே வெந்து, சில நாள் கழித்து நெஞ்சில் ஓட்டை விழுந்து, ஊட்டியது அதன் வழியே வெளியே வழியும். ஆறிப்போனதை ஊட்டினால் செரிக்காமல் தேங்கிப் புளித்துவிடும். அவசரப்பட்டு அழுத்தினால் மூச்சுக்குழாயில் இறங்கி, குஞ்சு கையிலேயே இறந்துவிடும். முதல் முறையாகக் கிளி வளர்ப்பவர் கையில் இந்தப் பொறுப்பை ஒப்படைப்பது கொடுமை. எத்தனை முறை வற்புறுத்தினாலும், தானாகத் தின்னாத குஞ்சை வாங்காதீர்கள்.

வீட்டிலும் பல ஏற்பாடுகள் தேவை. பறவையின் சுவாச உறுப்புகள் புகையைத் தாங்காதவை. நான்ஸ்டிக் தோசைக்கல் அடுப்பில் வெறுமனே கிடந்து அளவுக்கு மீறிக் காய்ந்தால் எழும் ஆவி சில நிமிடங்களிலேயே கிளியைக் கொன்றுவிடும். சாம்பிராணியும் கொசுவர்த்தியும் கூண்டுக்கு அருகில் ஆகாது. பட்டர் ஃப்ரூட், சாக்லேட், காபி, டீ ஆகியவை நஞ்சு. விருந்தினர் அன்பாக நீட்டும் நேந்திரங்காய் வறுவலில் உள்ள உப்பும் எண்ணெயும் கெடுதல். சூரியகாந்தி விதை மட்டும் தின்று வளரும் கிளிக்குக் கொழுப்பு ஏறி, வைட்டமின் ஏ குறைந்துபோகும். முருங்கைக்கீரை, கேரட், பூசணி, பப்பாளி ஆகியவற்றைத் தினமும் தர வேண்டும். கூண்டு, மக்காவ் இறக்கையை முழுவதும் விரிக்கும் அகலத்தில், அதாவது ஒரு மீட்டருக்கு மேல், இருக்க வேண்டும். பக்கத்து வெல்டிங் பட்டறையில் துத்தநாகம் பூசிய வலையில் செய்து வாங்கினால், அதைக் கொறிக்கும் கிளிக்கு அதுவே விஷமாகும்.

சத்தத்தைப் பற்றி விற்பவர் யாரும் சொல்வதில்லை. விடியலிலும் அந்தியிலும் உரக்கக் கத்திக் கூட்டத்தை அழைப்பது இவற்றின் இயல்பு. அடித்துத் திருத்தக்கூடிய கெட்ட பழக்கம் அல்ல. தோப்பு வீட்டில் அது பெரிதாகத் தெரியாது. கல்பாத்தி அக்கிரகாரம் போல் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில், அடுத்த வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையோ படுக்கையில் கிடக்கும் முதியவரோ இருந்தால் என்ன செய்வது என்று முதலிலேயே யோசிக்க வேண்டும். வாங்க நினைப்பவர், ஏற்கெனவே வளர்ப்பவர் ஒருவர் வீட்டில் மாலை ஐந்தரை முதல் ஏழு வரை உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தால் பாதித் தெளிவு கிடைத்துவிடும்.

மருத்துவமும் எளிதல்ல. கிளி நோயை மறைத்துக்கொள்ளும் பறவை. இறகை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்காரும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். வாரம் ஒரு முறை சமையலறைத் தராசில் எடை பார்த்துக் குறித்து வைப்பது, முன்கூட்டியே எச்சரிக்கை தரும் எளிய வழி. எங்கள் பக்கம் மாட்டுக்கும் நாய்க்கும் மருத்துவர் கிடைப்பதுபோல் பறவைகளை நன்கறிந்த மருத்துவர் கிடைப்பதில்லை. மண்ணுத்திக்கோ உடுமலைப்பேட்டைக்கோ, அங்குள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளை நாடித்தான் பலரும் போக வேண்டியிருக்கிறது.

சட்டத்தைப் பற்றியும் தவறான எண்ணம் நிலவுகிறது. வெளிநாட்டுக் கிளிக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை என்று சொல்லி விற்போர் இன்றும் உள்ளனர். 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள வன உயிரினச் சட்டமும், 2024இல் வெளியான பதிவு விதிகளும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தில் இடம்பெற்ற உயிரினத்தை வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளம் வழியாகப் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. புதிதாக வாங்கினால் 30 நாட்களுக்குள் செய்ய வேண்டும். மக்காவும் காக்கட்டூவும் அந்த ஒப்பந்தத்தில் உள்ளன. ஆப்பிரிக்கன் கிரேயோ, காட்டில் பெருமளவில் பிடிக்கப்பட்டு அருகிப்போனதால் 2017 ஜனவரி முதல் அதன் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. காலில் வளையமும் விற்பவரின் பதிவுச் சான்றும் இல்லாத கிளியை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் தொடக் கூடாது.

கோவையில் வாங்கிப் பாலக்காட்டுக்குக் கொண்டுபோவோர் எங்கள் பக்கம் பலர். மாநிலம் கடக்கும்போது என்ன பதிவு, யாரிடம் செய்வது என்பதைத் தமிழிலும் மலையாளத்திலும் எளிய அறிவிப்பாக எழுதி, எல்லையோரப் பஞ்சாயத்து அலுவலகங்களிலும் கால்நடை மருத்துவமனைகளிலும் ஒட்டுமாறு இரு மாநில வனத்துறைகளையும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். தானாகத் தின்னாத குஞ்சை விற்பதற்குத் தடை விதிக்கவும் அரசுகள் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.