ஆர்மர் வேறு, ஆர்மேச்சர் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த சுதந்திர தேவி சிலை பற்றிய கட்டுரையை ஆசையாகத்தான் படித்துக்கொண்டு வந்தேன், நடுவில் ஒரு வரியில் நின்றுவிட்டேன். துருப்பிடித்த ‘கவசத்தை’ 1980களில் கழற்றிப் புதிதாகப் பொருத்தினார்கள் என்று போட்டிருக்கிறீர்கள். இதைப் படிப்பவர், வெளியே தெரியும் செப்புத் தகட்டையே மாற்றிவிட்டார்கள் என்றுதானே நினைப்பார்? அந்தத் தகடு 1886இல் சிலையைத் திறந்தபோது இருந்ததுதான், தீப்பந்தம் போன்ற சில பகுதிகள் தவிர. மாற்றியது உள்ளே இருக்கும் இரும்புப் பட்டைகளை. தகட்டின் ஒவ்வொரு மடிப்புக்கும் ஏற்றபடி வளைத்து, அதைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடிப்பவை அவை. செம்பும் இரும்பும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அரிபடுவது இரும்புதான், இரண்டுக்கும் இடையே வைத்த காப்பு நாளடைவில் கெட்டுப்போனதால் அதுதான் அங்கே நடந்தது. அப்புறம் துருப்பிடிக்காத எஃகுப் பட்டைகளைப் போட்டார்கள்.

அந்தப் பட்டைகளுக்கு ஆங்கிலத்தில் ஆர்மேச்சர் என்று பெயர். அதை ஆர்மர், அதாவது கவசம், என்று எடுத்துக்கொண்டதால் வந்த குழப்பம் இது. இரண்டும் ‘ஆர்மாத்தூரா’ என்ற ஒரே லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை, ஆர்மர் மட்டும் பழைய பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்தது. ஒரு காலத்தில் ஆர்மேச்சருக்கும் கவசம் என்ற பொருள் இருந்தது, முள், கொம்பு போன்ற தற்காப்பு உறுப்புகளை உயிரியலில் இன்றும் அப்படிச் சொல்வதுண்டு. அதனால் மொழிபெயர்த்தவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சிற்பத்தில் அது உள்ளே இருப்பது. களிமண் உருவம் சரிந்துவிடாமல் இருக்க முதலில் கம்பியில் ஒரு கூடு கட்டுகிறார்களே, அதுதான். அசைவூட்டப் படங்களுக்கான பொம்மைக்குள் மூட்டு மூட்டாக இருப்பதும் அதுவே. கவசத்தைக் கழற்றினாலும் வீரன் நிற்பான், இதை உருவினால் உருவமே விழுந்துவிடும்.

மோட்டாரில் சொல்லும் ஆர்மேச்சரின் கதை தனி. காந்தத்தின் சக்தி குறையாமல் இருக்க முனைகளில் ஒட்டிவைத்த இரும்புத் துண்டுக்கு அந்தப் பெயர் இருந்தது, அங்கிருந்துதான் ஜெனரேட்டர், மோட்டார்ச் சுருளுக்கும் போனது. அதை ஆர்மேச்சர் என்றே எழுதலாம், எல்லோருக்கும் புரிகிறது.

சிலைக்கு மட்டும் ‘உட்சட்டகம்’ என்று போடுங்கள். பிள்ளைகள் கட்டுரையை வெட்டி நோட்டில் ஒட்டுவார்கள், அதனால் அடுத்த ஞாயிறே ஒரு திருத்தம் வெளியிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்