தமிழில் பேசி கார்டு கொடுக்கிறார்கள், பில் மட்டும் ஏன் ஆங்கிலத்தில்?

ஆசிரியருக்கு வணக்கம்.

தீபாவளி தள்ளுபடி விளம்பரங்கள் உங்கள் நாளிதழில் முழுப்பக்கமாக வர ஆரம்பித்துவிட்டன. அதில் பாதி விளம்பரங்களின் அடியில் ‘எங்கள் கடை கிரெடிட் கார்டுக்கு கூடுதல் தள்ளுபடி’ என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

திண்டுக்கல்லில் பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். கரண்ட் பில், ஆதார் திருத்தம், வருமானச் சான்று, பட்டா நகல் என்று வருகிறவர்கள் வரிசையில் கடை கார்டு பில் கட்ட வருகிறவர்களும் இப்போது நிறைய சேர்ந்துவிட்டார்கள். துணிக்கடையிலோ வீட்டு உபயோகப் பொருள் கடையிலோ பில் போடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டு, டேப்லெட்டோடு நிற்கும் பையனிடம் ஆதாரும் பான் கார்டும் காட்டி வாங்கிய கார்டுகள் இவை. கார்டின் முகப்பில் கடையின் பெயர் பெரிதாக இருக்கும், வங்கியின் பெயர் ஓர் ஓரத்தில் சின்னதாக இருக்கும்.

முதல் குழப்பமே அங்கே தொடங்குகிறது. கடைப் பெயர் போட்ட கார்டுதானே என்று நேராக அந்தக் கடைக்கே பணத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கடைக்காரர் ‘எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை, பேங்க்ல கேளுங்க’ என்கிறார். அவர் சொல்வதில் தப்பில்லை. கார்டை வழங்குவது வங்கி, கடை வெறும் கூட்டாளி. நீங்கள் கார்டில் என்னென்ன வாங்கினீர்கள் என்ற விவரத்தைக் கடை பார்க்கவே கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆனால் இதைக் கார்டு கொடுத்த அன்றே சொல்லியிருக்க வேண்டாமா? அந்த வங்கிக்கு ஊரில் கிளை இருக்கிறதா என்று விசாரித்து, இல்லை என்று தெரிந்து, கடைசியில் என் கடைக்கு வரும்போது பல பேருக்குத் தேதி போயிருக்கும்.

தேதி போவதைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று இருக்கிறது. தையல் வேலை செய்யும் ஒரு அக்கா மாதம் தவறாமல் வருவார். தேதிக்கு நாலு நாள் முன்னாடியே வந்து, ‘இந்த மாசம் என்ன கட்டணும்னு பார்த்துச் சொல்லு தம்பி’ என்று போனை நீட்டுவார். ஃபிரிட்ஜ் வாங்கியிருந்தார். ‘மாசம் ஆயிரத்து இருநூறு கட்டினா போதும்னு சொன்னாங்க’ என்பது அவர் கணக்கு. பில்லைத் திறந்து பார்த்தால் அது தவணையே இல்லை. கடையில் கார்டைத் தேய்த்து முழுத் தொகைக்கும் பில் போட்டிருக்கிறார்கள். இவர் மாதாமாதம் கட்டி வந்தது ‘மினிமம் அமவுண்ட் டியூ’ என்ற குறைந்தபட்சத் தொகை. ஒரு மாதம்கூட அவர் தேதி தவறியதில்லை, ஆனாலும் கடன் அப்படியே நின்றது.

எப்படி நிற்கிறது என்று கணக்கை ரவுண்டாக்கிச் சொல்கிறேன். அக்டோபர் 5-ல் ரூ.24,000-க்கு வாங்குகிறீர்கள். 18-ம் தேதி பில் வருகிறது, நவம்பர் 7 கடைசி நாள். குறைந்தபட்சம் 5%, அதாவது ரூ.1,200 கட்டுகிறீர்கள். மீதி ரூ.22,800. வட்டி மாதம் 3.5%, அதாவது ஆண்டுக்கு 42%. இந்த வட்டி நவம்பர் 7-லிருந்து தொடங்காது, நீங்கள் பொருள் வாங்கிய அக்டோபர் 5-லிருந்தே தொடங்கும். மீதித் தொகைக்கு மட்டும் போட்டாலும் அடுத்த பில் வரும் நவம்பர் 18 வரைக்கும் 44 நாள் வட்டி ஏறத்தாழ ரூ.1,154 ஆகிறது. அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி ரூ.208. ஆக, அடுத்த பில் ரூ.24,162! ரூ.1,200 கையிலிருந்து போயிருக்கிறது, கடனோ ரூ.162 கூடியிருக்கிறது. நான் இதைத் தாளில் எழுதிக் காட்டியபோது அந்த அக்கா நம்பவில்லை, தன் போன் கால்குலேட்டரில் ஒருமுறை போட்டுப் பார்த்தார்.

நம் ஊரில் மூன்று வட்டிக்கு யாராவது கடன் வாங்கினால் வீட்டில் பெரிய சண்டையே நடக்கும். இது மூன்றரை வட்டி, அதற்கு மேல் வரி. அதே ரூ.24,000-ஐ முறையாக 12 மாதத் தவணையாக மாற்றியிருந்தால், ஆண்டுக்கு 16% என்றே வைத்தாலும் மொத்த வட்டி சுமார் ரூ.2,130-க்குள் முடிந்திருக்கும், ஜிஎஸ்டி தனி. மாதம் கொஞ்சம் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும், ஆனால் ஒரு வருடத்தில் கடன் தீர்ந்துபோகும்.

இன்னொன்றும் யாரும் சொல்வதில்லை. பில்லில் பாக்கி வைத்துவிட்டால், பாக்கி தீரும்வரை புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது. ‘நாற்பத்தைந்து நாள் வட்டியே இல்லை’ என்று சொல்லிக் கொடுத்த கார்டில், நேற்று வாங்கிய மளிகைக்கு இன்றே வட்டி ஓடிக்கொண்டிருக்கும்.

சரி, சட்டம் மக்கள் பக்கம் இல்லையா என்றால், ஓரளவு இருக்கிறது. 2022 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி கிரெடிட் கார்டுகளுக்கு விரிவான விதிகளைக் கொண்டுவந்தது. பில் அனுப்பிய பிறகு பணம் கட்டக் குறைந்தது இரண்டு வாரமாவது அவகாசம் தர வேண்டும். கடைசித் தேதி தாண்டி மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் தாமதக் கட்டணம் போடலாம், யார் கடனை ஒழுங்காகக் கட்டுகிறார்கள் என்று பதிவு வைக்கும் சிபில் போன்ற நிறுவனங்களிடம் பாக்கி என்று சொல்வதும் அதற்குப் பிறகுதான். (இந்த மூன்று நாளை நம்பி யாரும் இருந்துவிட வேண்டாம், அது வட்டியை நிறுத்தாது.) தாமதக் கட்டணமும் கட்டாமல் நின்ற பாக்கிக்குத்தானே தவிர மொத்த பில்லுக்கும் இல்லை. கார்டு வேண்டாம், மூடுங்கள் என்று கேட்டால், பாக்கி இல்லாத பட்சத்தில் ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும், அதற்கு மேல் இழுத்தால் நாளொன்றுக்கு ரூ.500 வங்கி உங்களுக்குத் தர வேண்டும். வட்டி எவ்வளவு, கட்டணம் எவ்வளவு என்று ஒரே பக்கத்தில் எழுதிய தாளை விண்ணப்பத்தோடு கொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. என்னிடம் வருபவர்களில் அப்படி ஒரு தாளைப் பார்த்ததாகச் சொன்னவர் யாரும் இல்லை. டேப்லெட்டில் விரலால் தள்ளித் தள்ளி, ‘ஓடிபி சொல்லுங்க அக்கா’ என்பதோடு விண்ணப்பம் முடிந்துவிடுகிறது.

அதே விதிகளில் ஒரு வரி இருக்கிறது. கார்டின் நிபந்தனைகள் எளிய மொழியில், முடிந்தவரை ஆங்கிலம், இந்தி, உள்ளூர் மொழி ஆகியவற்றில் இருக்க வேண்டும் என்று. இந்த ‘முடிந்தவரை’ என்பதை எடுத்துவிட்டு, கட்டாயம் என்று ஆக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. நிபந்தனை மட்டுமில்லை, மாதாமாதம் வரும் பில்லும், தேதி நெருங்கும்போது வரும் எஸ்எம்எஸ்ஸும் தமிழில் வர வேண்டும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு போனால் கடன் தீர மாதங்களும் வருடங்களும் ஆகும் என்ற எச்சரிக்கையை பில்லில் போடச் சொல்லி விதி இருக்கத்தான் செய்கிறது. போடுகிறார்கள், ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். அந்த அக்காவின் பில்லிலும் அது இருந்தது. அவருக்கு அது இருந்து என்ன பயன்? கார்டை விற்கும்போது தமிழ் தெரிந்த பையனைத் தேடிப் பிடித்து நிறுத்த முடிகிற வங்கிக்கு, பில்லில் நாலு வரி தமிழ் போட முடியாதா? ஏடிஎம் திரையில் தமிழ் வந்து எவ்வளவு காலம் ஆகிவிட்டது.

கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மேஜை போட இடம் கொடுக்கிறீர்கள், அதற்கு உங்களுக்கும் பலன் இருக்கும், தப்பில்லை. அதே இடத்தில் ஒரு பலகை வையுங்கள்: இந்த கார்டு எந்த வங்கியுடையது, பில் எப்போது வரும், எங்கே எப்படிக் கட்டுவது, முழுத் தொகை கட்டாவிட்டால் வட்டி எவ்வளவு. அப்புறம் அந்தப் பையன்களிடம் ஒன்று சொல்லுங்கள், விண்ணப்பத்தில் வாடிக்கையாளரின் சொந்த போன் நம்பரைப் போடச் சொல்லி. வெளியூரில் வேலை பார்க்கும் மகனின் நம்பரைப் போட்டுவிடுகிறார்கள், இமெயில் இல்லாதவருக்கு அங்கேயே ஒன்று உருவாக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். பில் அந்த இமெயிலுக்குப் போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும், அதன் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. ‘ஃப்ரீ கார்டுதானே’ என்று பீரோவில் வைத்த கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் விழுந்து, அதற்குத் தாமதக் கட்டணம் விழுந்து, மகளுக்குக் கல்விக் கடன் கேட்டு வங்கிக்குப் போகும்போதுதான் விஷயமே தெரிய வரும். 2025 ஜனவரியிலிருந்து கடன் விவரங்களைக் குறைந்தது 15 நாளுக்கு ஒருமுறையாவது சிபில் போன்ற நிறுவனங்களுக்கு அனுப்பியாக வேண்டும் என்பதால் ஒரு தாமதம் பதிவாக முன்னைப்போல் அதிக நாள் ஆவதில்லை.

வட்டிக்கு உச்சவரம்பு வரும் என்று காத்திருப்பதிலும் இப்போதைக்கு அர்த்தமில்லை. ஆண்டுக்கு 30%-க்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னது. அப்படிச் சொல்ல ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்று 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஆகவே பில்லில் எந்தத் தொகையைக் கட்டுகிறோம் என்பது முன்பைவிட இப்போது முக்கியம்.

கார்டு ஏற்கெனவே கையில் இருப்பவர்களுக்கு, என் மேஜையில் அன்றாடம் சொல்வதையே இங்கேயும் சொல்கிறேன். பில்லில் ‘டோட்டல் அமவுண்ட் டியூ’ என்று இருப்பதுதான் நீங்கள் கட்ட வேண்டியது. வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லி எழுதிக் கொடுத்திருந்தால், முழுத் தொகையா குறைந்தபட்சமா, எதில் டிக் போட்டிருக்கிறார்கள் என்று ஒருமுறை பாருங்கள். குறைந்தபட்சத்தில் இருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். கடைசி நாள் ராத்திரி போனில் கட்டினால், பணம் நம் கணக்கிலிருந்து உடனே போய்விடும், ஆனால் கார்டு கணக்கில் ஏற ஒன்றிரண்டு நாள் ஆகலாம், அதனால் மூன்று நாலு நாள் முன்னாலேயே கட்டிவிட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். முழுசாகக் கட்ட முடியாது என்று தெரிந்தால் பில் வருவதற்கு முன்பே வங்கியைக் கூப்பிட்டுத் தவணையாக மாற்றித் தரச் சொல்லுங்கள். அந்த அக்காவும் மீதிக் கடனைத் தவணையாக மாற்றிக்கொண்டார். கட்டிய பணம் திரும்ப வராது, ஆனால் முடிகிற தேதி ஒன்று இப்போது அவருக்குத் தெரியும்.

தப்பாகக் கட்டணம் போட்டிருந்தால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. 14448 என்ற எண்ணில் விவரம் கேட்டுக்கொள்ளலாம்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். தள்ளுபடி விளம்பரங்கள் வரும் இந்த வாரங்களிலேயே, வணிகப் பக்கத்தில் ஒரு மாதிரி கிரெடிட் கார்டு பில்லைப் படமாகப் போட்டு, எந்த எண் எதைக் குறிக்கிறது என்று பெரிய எழுத்தில் தமிழில் அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள். பெயர் இல்லாத ஏதோ ஒரு வங்கியின் பில்லாக இருக்கட்டும். தீபாவளிக்கு முன் வந்துவிட்டால் நல்லது. நான் அதை வெட்டி என் மேஜைக்கு மேல் ஒட்டிவைப்பேன், இந்த ஊரில் சென்டர் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திண்டுக்கல்