எத்தனை பேர் என்பதோடு கணக்கு முடிந்துவிடக் கூடாது

மூலக்கூறு கதிர்சிகிச்சைக்கான (கதிரியக்க மருந்தை உடலுக்குள் செலுத்திச் செய்யும் சிகிச்சை) தேசியப் புள்ளிவிவரங்களைத் திரட்டி, அவற்றை வைத்துத் திட்டமிடும் சுகாதார அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் அணு மருத்துவத் துறையில் வேலை பார்க்கும் மருத்துவ இயற்பியலாளர். நோயாளிக்குக் கொடுக்கும் கதிரியக்க மருந்தை அளந்து கொடுப்பதும், உள்ளே போனபின் அது எங்கே போய்த் தங்கியது என்று பார்ப்பதும் என் வேலை. உங்கள் கணக்கெடுப்பில் எந்த ஐசோடோப்பை (கதிரியக்கத் தனிம வகையை) எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்று கேட்கிறீர்கள். அந்த எண்களை மட்டும் வைத்து முடிவெடுத்தால் தவறான முடிவுக்குத்தான் போய்ச் சேருவோம் என்று உண்மையாகவே அஞ்சுகிறேன். அதனால்தான் இந்த மடல்.

1941இல் அமெரிக்க மருத்துவர் சால் ஹெர்ட்ஸ் தைராய்டு நோயாளி ஒருவருக்குக் கதிரியக்க அயோடினைக் கொடுத்ததிலிருந்து பல பத்தாண்டுகளுக்கு இந்தத் துறை என்றால் பெரும்பாலும் அயோடின்தான். மிகுதியான தைராய்டு சுரப்புக்குப் பலருக்கு ஒரே ஒரு முறை கொடுத்தால் போதும். ஆக, நூறு பேர் என்றால் ஏறத்தாழ நூறு முறை. இன்று நிலைமை வேறு. நியூரோஎண்டோகிரைன் கட்டிகளுக்கு (ஹார்மோன் சுரக்கும் செல்களில் உருவாகும் கட்டிகள்) லுடீசியம்-177 மருந்தை எட்டு வார இடைவெளியில் நான்கு முறை கொடுக்கிறோம். முற்றிய புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஆறு வாரத்துக்கு ஒரு முறை, அதிகபட்சம் ஆறு முறை. அதே நூறு பேர் இப்போது அறுநூறு முறை வரக்கூடும். ஒவ்வொரு முறையும் ரத்தப் பரிசோதனை, ஊசி, ஸ்கேன், கழிவு மேலாண்மை எல்லாம் உண்டு. ஆள் கணக்கை மட்டும் பார்த்து ஊழியர்களை ஒதுக்கினால் துறை மூச்சுத் திணறும்.

இன்னொன்று: எண்ணிக்கை குறைந்தால் சேவை தேய்கிறது என்று படிக்காதீர்கள். தைராய்டு புற்றுநோய் அறுவைக்குப் பிறகு 3.7 கிகா பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) கொடுத்த இடத்தில் ஆபத்து குறைந்த பலருக்கு 1.1 போதும் என்று 2012இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டின. ஆபத்து குறைந்த நோயாளிகளை அயோடினே இல்லாமல் கண்காணித்தாலும் மூன்று ஆண்டு முடிவில் பாதகமில்லை என்று பிரான்சில் நடந்த ஆய்வு 2022இல் சொன்னது. இந்தக் குறைவு நல்ல மருத்துவத்தின் அடையாளம். ஆனால் இதைக் காட்டி ஈயச்சுவர் அறைகளை மூடும் முடிவு வந்தால் யார் பாதிக்கப்படுவார்கள் தெரியுமா? நியூரோபிளாஸ்டோமா என்ற நரம்புத் திசுப் புற்றுநோய் வந்த குழந்தைகள். அவர்களுக்குக் கொடுக்கும் அயோடின்-131 எம்ஐபிஜி என்ற, கதிரியக்க அயோடின் இணைத்த மருந்தின் கதிரியக்கம் மிக அதிகம். குழந்தை சில நாட்கள் தனி அறையில் இருக்க வேண்டும். அம்மாவோ அப்பாவோ அருகில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று நாங்கள் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். தேசிய அட்டவணையில் இந்தக் குழந்தைகள் மிகச் சிறிய எண்தான். அந்த அறை இல்லாவிட்டால் அவர்களுக்குச் சிகிச்சையே இல்லை.

சரி, என் முக்கியமான கோரிக்கைக்கு வருகிறேன். வெளியிலிருந்து கதிர் பாய்ச்சும் சிகிச்சையில் எந்த உறுப்புக்கு எத்தனை கிரே (உடல் உள்வாங்கும் கதிரின் அலகு) என்று திட்டமிடாமல் யாரும் எந்திரத்தை இயக்க மாட்டார்கள். எங்கள் துறையில் மட்டும், எல்லோருக்கும் ஒரே 7.4 கிகா பெக்கரல் லுடீசியத்தைச் செலுத்திவிட்டு, அதை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு பல இடங்களில் நகர்ந்துவிடுகிறோம். அது குப்பியில் இருந்த அளவு. கட்டியும் சிறுநீரகமும் எலும்பு மஜ்ஜையும் உள்வாங்கிய அளவு ஆளுக்கு ஆள் பல மடங்கு மாறும். சிறுநீரகத்தைக் காக்க அமினோ அமிலக் கரைசல் ஏற்றுகிறோம், ஆனால் அது எவ்வளவு காத்தது என்று அளப்பதில்லை. பரவலாகச் சொல்லப்படும் 23 கிரே வரம்பும் வெளிக்கதிர் சிகிச்சையிலிருந்து கடன் வாங்கியதுதான். நம் நோயாளிகளை நாமே அளந்தால்தானே சொந்த வரம்பு கிடைக்கும்?

அளக்க முடியாது என்று சொல்லவும் வழியில்லை. லுடீசியம் பீட்டா கதிரோடு காமா கதிரையும் வெளியிடுகிறது, அணு மருத்துவத் துறையில் இருக்கும் சாதாரண காமா கேமராவிலேயே (காமா கதிரைப் படமாக்கும் கருவி) படம் விழும். அரை ஆயுள் (கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் காலம்) 6.6 நாள் என்பதால் ஊசி போட்ட நான்காம் நாள் எடுக்கும் ஒரே படத்தை வைத்தே ஏற்கத்தக்க மதிப்பீடு செய்யலாம் என்று காட்டியிருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2013ஆம் ஆண்டு கதிர்ப் பாதுகாப்பு உத்தரவே, கதிர்சிகிச்சை என்ற சொல்லுக்குள் அணு மருத்துவ சிகிச்சையையும் சேர்த்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் திட்டமிட்டுச் சரிபார்க்க வேண்டும் என்கிறது. சட்டம் எழுதியாயிற்று. அப்புறம் தடுப்பது எது? என் அனுபவத்தில் மூன்றுதான்: கேமராவில் நேரம் கிடைக்காதது, நான்காம் நாள் நோயாளியைத் திரும்ப வரச் சொல்லத் தயக்கம், இயற்பியலாளர் பற்றாக்குறை. எத்தனை மருத்துவமனைகளில் எது தடை என்று நீங்கள் கேட்டால்தான் தெரியும்.

ரேடியம்-223 என்ற கதிரியக்க மருந்து பற்றியும் ஒரு வார்த்தை. எலும்பில் பரவிய புராஸ்டேட் புற்றுநோய்க்கு 2013இல் அது வந்தபின் ஸ்ட்ரான்சியம், சமாரியம் ஊசிகள் பின்னுக்குப் போயின. ஒரு மருந்து வந்து இன்னொன்றை ஒதுக்கும்போது, ரேடியத்தின் ஆறு ஊசியையும் முடித்தவர் எத்தனை பேர், பாதியில் நிறுத்தியவர் ஏன் நிறுத்தினார் என்பதை யாரும் கோத்து வைக்காவிட்டால் அடுத்த மருந்துக்கும் இதே இருட்டுதான்.

மருந்து வரத்தையும் கணக்கில் எடுங்கள். நெதர்லாந்தின் பெட்டனில் 1961இல் தொடங்கிய அணு உலை போன்ற, விரல்விட்டு எண்ணக்கூடிய முதிய உலைகளையே இந்த ஐசோடோப்புகளை உருவாக்க உலகம் பெரிதும் நம்பியிருக்கிறது. ஒன்று நின்றால் நோயாளியின் அடுத்த சுற்று தள்ளிப்போகும். தள்ளிப்போன சுற்றுகளுக்கும் படிவத்தில் ஒரு இடம் வேண்டும்.

அடுத்த கணக்கெடுப்பில் நோய்வாரியாக ஆள் எண்ணிக்கையோடு சுற்றுகளின் எண்ணிக்கையையும், முடிக்காதவர்களின் காரணத்தையும், காத்திருந்த நாட்களையும், நோயாளி பயணம் செய்த தூரத்தையும் கேளுங்கள். சிகிச்சைக்குப்பின் படம் எடுத்தார்களா, உறுப்புகள் உள்வாங்கிய அளவைக் கிரே கணக்கில் பதிந்தார்களா என்பதையும் கேளுங்கள். பலர் 'இல்லை' என்றே எழுதுவார்கள். எங்கள் துறையும் சில சிகிச்சைகளுக்கு அப்படித்தான் எழுத வேண்டியிருக்கும். எழுதுகிறோம், நீங்கள் கேளுங்கள்.

அன்புடன்,
ஒரு மருத்துவ இயற்பியலாளர்