அம்மம்மாவின் ஐந்தாம் வகுப்பு

அன்புள்ள அம்மாவுக்கும் அம்மம்மாவுக்கும்,

அம்மம்மாவின் கடிதம் போன கிழமை கிடைத்தது. போனில் கதைக்கிறோம்தானே என்று நான் எழுதாமல் விட்டது பிழைதான். அதற்காக "என்னை மறந்துபோனாய்" என்று துதிக்கை போட்ட பழைய 'னை'யில் எழுத வேண்டுமா? அந்த ஒரு எழுத்தே முதுகில் அடி விழுந்த மாதிரி இருந்தது.

நான் நல்ல சுகம். இங்கே கொரியாவில், சோங்ஜுவில் விடியற்காலை மைனஸ் பத்து வரை போகிறது. இரவில் பிளாஸ்டிக் கூடாரங்களுக்குப் போர்த்திய தடித்த போர்வைகளைக் காலையில் சுருட்டினால்தான் உள்ளே சாமே கொடிக்கு வெயில் படும். சாமே என்றால் மஞ்சளில் வெள்ளைக் கோடு போட்ட சின்னப் பழம், வெள்ளரிப்பழத்தின் ஒன்றுவிட்ட தங்கச்சி. மட்டுவிலுக்குக் கத்தரிக்காய் மாதிரி இந்த ஊருக்கு இது. சாப்பாட்டுக்குக் குறையில்லை. நீங்கள் தந்துவிட்ட தூள்தான் முடிந்துவிட்டது.

போனில் சொன்னேனே, முதலாளியின் தாய்க்கிழவி, அவவுக்கும் அம்மம்மாவின் வயதுதான், 83. கிழமையில் இரண்டு நாள் ஊர் மண்டபத்துக்கு எழுத்துப் படிக்கப் போகிறா. எனக்கு முதலில் விளங்கவில்லை. கொரியாவில் எழுதத் தெரியாத ஆளா? வேலைக்கு வரமுதல் நான் பரீட்சைக்குப் படித்த அதே எழுத்தை இங்கேயே பிறந்தவ என்னிடம் காட்டித் திருத்தச் சொல்கிறா. பென்சிலை அழுத்துகிற அழுத்தில் கொப்பியின் அடுத்த பக்கத்திலும் தடம் விழுந்திருக்கும்.

படிப்பிக்கிற டீச்சர்தான் சொன்னா. கொரியாவை ஆண்ட ஜப்பான்காரன் விட்டுப்போன 1945இல் இங்கே நூற்றுக்கு 78 பேருக்கு எழுத்துத் தெரியாதாம். 1950 ஜூனில் ஆறு வருடப் படிப்பைக் கட்டாயமாக்கினார்கள். அதே மாதம் 25ஆம் திகதி சண்டை. பிறகு அண்ணன்மார் பள்ளிக்கூடம் போக, எங்கள் கிழவி தம்பியை முதுகில் கட்டிக்கொண்டு வீட்டில். எங்கள் இலங்கையில் கல்வி மந்திரி கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இலேயே வந்துவிட்டது. 1946 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 58 பேர் எழுத வாசிக்கத் தெரிந்தவர்கள். இன்றைக்கு இவர்களின் பேரப்பிள்ளைகள் யூனிவர்சிட்டியில், நான் இவர்களின் தோட்டத்தில். அதை விடுங்கோ.

பக்கத்துச் சில்கோக்கில் 2020இல் இப்படிப் பிந்தி எழுத்துப் படித்த ஐந்து கிழவிகளின் கையெழுத்தைக் கணினி எழுத்தாக்கினார்கள். எங்கள் கிழவிக்கும் அதில் ஒரு கண்.

ஐந்தாம் வகுப்போடு மறித்துப்போட்டார் என்று அம்மம்மா இன்னும் உங்கள் ஐயாவைத் திட்டுகிறீர்களே, அதைக் கிழவிக்குச் சொன்னேன். ஐந்து விரலையும் விரித்து, "ஐந்து வருடமா?" என்று கேட்டா. உங்கள் கடிதத்தை வாங்கி, ஒரு எழுத்தும் தெரியாமல், வரி வரியாக விரலை வைத்துக்கொண்டு போனா. நீங்கள் விறாந்தையில் பேப்பர் வாசிக்கிற அதே விரல். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

சரி, வீட்டு விஷயம். இந்த மாதம் காசு கொஞ்சம் குறைவாக வரும். அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன், யோசிக்க வேண்டாம். பெரியம்மாவைச் சீட்டுக்கு ஒரு மாதம் பொறுக்கச் சொல்லுங்கோ. சின்ன மாமா கொண்டுவருகிற காணி உறுதியில் அம்மா உடனே கையெழுத்து வைக்கக் கூடாது. கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் அதில் எழுதியிருக்கிறதா என்று முதலில் அம்மம்மா எழுத்தெழுத்தாக வாசிக்கட்டும், பகல் வெளிச்சத்தில், முற்றத்தில் வைத்து. அவவின் கண்ணாடி மாற்றுகிற காசை வேறாக அனுப்புகிறேன். அதை எடுத்துச் சீட்டுக்குக் கட்டிப்போடாதீங்கோ.

இப்படிக்கு,
உங்கள் மகன்